மலிவான ஆண்டுகள்

வெள்ளி ரூபாய் சேர்ப்பவர்கள் நாலுபேர் கூடினால் கையில் இருப்பதைப் பற்றிப் பேச்சு வராது, இல்லாததைப் பற்றித்தான் வரும். 1939 யாரிடம் இருக்கிறது, யார் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார், கடைசியாக ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று மாலைப்பொழுது கழிந்துவிடும். ஆல்பத்தில் நிரம்பிய குழிகளின் மேல் விரல் நிற்காமல் ஓடி, காலியான குழியில்தான் போய் நிற்கும். நானும் அந்த ஜாதிதான். ஆனால் கொஞ்ச காலமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது காலிக் குழிகள் அல்ல. சில ஆண்டுகள் ஏன் இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுகின்றன என்பதுதான். பழைய காசுக் கடையில் தகர டப்பாவைக் கவிழ்த்தால் 1877 ஒன்றாவது விழாமல் இருக்காது. 1918 கைப்பிடியாக விழும். “இதெல்லாம் எடைக்கு எடை சார், வேணும்னா அள்ளிக்குங்க” என்று கடைக்காரர் டப்பாவை நம் பக்கம் தள்ளிவிட்டு, பூட்டிய இழுப்பறையில் இருக்கும் சரக்கைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அள்ளிக்கொள்ளச் சொல்கிற அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த டப்பாவை முன்புபோல ஒதுக்கிவிட்டு இழுப்பறையைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

நான் சொல்வது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு ரூபாய் வரிசையை. அதற்கு முன் ஆற்காட்டு ரூபாய், சூரத்து ரூபாய், வங்காளத்து சிக்கா என்று ஊருக்கு ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 1835-ல் கம்பெனி அரசு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டு, நான்காம் வில்லியத்தின் தலையை வைத்து அடித்தது. 180 கிரெய்ன் எடை, இன்றைய கணக்கில் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு ரூபாயின் எடையே ஒரு தோலா என்று ஆகி, தராசுத் தட்டில் படிக்கல்லுக்குப் பதிலாக ரூபாயை வைக்கிற வழக்கமும் வந்தது. பழைய வைத்தியக் குறிப்புகளில் சுக்கும் மிளகும் ரூபாய் எடையில்தான் வரும். இந்த எடையும் மாற்றும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மாறவே இல்லை. ஆறாம் ஜார்ஜ் காலத்தில் மாற்று பாதியாகக் குறைந்தது, 1945 தேதியோடு வெள்ளியும் நின்றது. 1835 முதல் 1945 வரை, சொல்வதற்கு எளிதான வரிசை. ஆனால் முடித்துவிட்டேன் என்று சொல்ல, முதலில் எது வரிசை என்பதை யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். தலைக்கு ஒன்று போதும் என்றால் ஒரு பிற்பகலில் வேலை முடிந்துவிடும். ஆண்டுக்கு ஒன்று என்றால் சில வருடம். ஒவ்வோர் ஆண்டும் கல்கத்தாவில் அடித்தது ஒன்று, மும்பையில் அடித்தது ஒன்று என்றால் ஆயுள். அதற்கும் மேலே போகிறவர்கள் உண்டு. 1862 தேதியிட்ட ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியை மாற்றாமலேயே பத்தாண்டுக்கு மேல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1874 வந்த பிறகுதான் ஆண்டு மாறியது. இடையில் அடித்தவற்றில் தேதிக்கு மேலும் கீழும் பொடிப்பொடியாகப் புள்ளிகள், ஒன்றில் இரண்டு, இன்னொன்றில் ஐந்து. அந்தப் புள்ளிகளை எண்ணினால் அடித்த ஆண்டு தெரியும் என்று கொள்வோர் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு குழி வெட்டுகிறார்கள். ஒற்றைக் குழியாக இருந்த 1862 ஒரு முழுப் பக்கமாகிவிடுகிறது. நேற்றுவரை நிறைவாக இருந்த சேகரம், ஒருவர் பூதக்கண்ணாடியோடு எழுதிய ஒரு கட்டுரையால் இன்று குறையுள்ளதாகிறது. குறை காசில் இல்லை, பட்டியலில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலை நான் எழுதவில்லை. ஆனாலும் தூக்கம் எனக்குத்தான் போகிறது.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் இது இன்னும் நுணுக்கமாகிறது. மும்பையில் அடித்ததில் தேதிக்குக் கீழே, பூவையொட்டி ஒரு புள்ளி இருக்கும். கல்கத்தாவில் அடித்ததற்கு அடையாளமே கிடையாது. அடையாளம் இல்லாததுதான் அதன் அடையாளம். புதுக்கருக்கு அழியாத காசில் இது பிரச்சினையே இல்லை. ஆனால் ஐம்பது வருடம் மடியிலும் சுருக்குப்பையிலும் உண்டியலிலும் உரசித் தேய்ந்த காசில், அந்த இடம் வழவழப்பாக இருந்தால் என்ன முடிவுக்கு வருவது? அங்கே புள்ளி இல்லாமலே பிறந்ததா, இருந்து தேய்ந்துபோனதா? கல்கத்தாக் குழியில் உட்கார்ந்திருக்கும் சில காசுகள் உண்மையில் மும்பைக் காசுகளாக இருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி தேயாத காசை வாங்குவதுதான். அதனால்தான் சேகரிப்பவர்கள் நாளடைவில் தேய்ந்ததை வெறுக்க ஆரம்பிக்கிறார்கள். தேய்ந்தது என்றால் புழங்கியது. புழங்கியது என்றால் எத்தனையோ கைகள் சந்தைக்கும் கோயிலுக்கும் வட்டிக்கடைக்கும் கொண்டுபோனது. காசு எதற்காக அடிக்கப்பட்டதோ அந்த வேலையை ஒழுங்காகச் செய்த காசுக்கு மதிப்பில்லை. பையைவிட்டு வெளியே வராமல் கருவூலத்தில் கிடந்த காசுக்குப் பத்து மடங்கு விலை. கழுத்தில் போட வளையம் ஒட்டிய ரூபாய் என்றால் கேட்கவே வேண்டாம். பொடி வைத்து ஊதிய தடம் விளிம்பில் தெரிந்தால் கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் எடைத் தட்டில் போட்டுவிடுவார். எனக்கென்னவோ வளையம் ஒட்டிய காசுகள் மேல் ஒரு பிரியம். ஆனால் அவற்றை ஆல்பத்தில் வைப்பதில்லை. தனி டப்பாவில்தான் வைத்திருக்கிறேன்.

வெள்ளி வேறு, சும்மா இருக்கிற உலோகம் இல்லை. கடற்கரை ஊர்க் காற்றில் ஒரு மழைக்காலம் போதும், ஓரத்தில் மஞ்சளாகத் தொடங்கி ஊதா, நீலம் என்று நிறம் ஏறிக் கடைசியில் கறுத்துவிடும். காற்றில் இருக்கிற கந்தகத்தின் வேலை. ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் பேண்டு பட்ட இடத்தில் ஒரு கறுப்புக் கோடு. மலிவான பிளாஸ்டிக் உறையில் போட்டால் பச்சையாக ஒரு பிசுக்கு படியும். விரலில் தொட்டால் ஒட்டும், வாசனையும் வேறாக இருக்கும். கறுத்த வெள்ளியைக் கண்டால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? புளியைக் கரைத்துத் தேய்ப்பார்கள், இல்லாவிட்டால் திருநீற்றைத் தொட்டுத் துணியால் அழுத்தித் துடைப்பார்கள். குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் பளிச்சென்று வந்துவிடும். காசும் வரும். ராணியின் கன்னத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஆயிரம் விழுந்திருக்கும். சேகரிப்பவன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். ஒரு வீட்டில் பாட்டியம்மா ஒருவர், மடித்த பட்டுத்துணியிலிருந்து விக்டோரியா ரூபாய்களை எடுத்து என் முன்னே பரப்பினார். எல்லாம் கண்ணாடிபோல மின்னின. “வருஷா வருஷம் லட்சுமி பூசைக்கு எடுத்து விபூதி போட்டுத் துடைச்சி வெப்பேன் தம்பி” என்றார் பெருமையோடு. சேகரிப்பு நோக்கில் அவை கெட்டுப்போனவை. அந்த அம்மாவின் நோக்கில் அவை முழுமையாக இருந்தன. அங்கே எந்த ஆண்டு விடுபட்டிருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை. எந்த நோக்கு மேலானது என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. திருநீறு போட்ட காசை நான் வாங்க மாட்டேன் என்பது மட்டும் உண்மை.

1877-க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று வைஸ்ராய் லிட்டன் பிரபு அறிவித்தார். அதுவரை ராணி என்று இருந்த எழுத்துகள் அந்த ஆண்டு ரூபாயிலிருந்து பேரரசி என்று மாறின. வரிசையில் அது ஒரு புதுத் தொடக்கம். ஆல்பத்தில் புதுப் பக்கம். டெல்லியில் விருந்து நடந்துகொண்டிருந்தபோது சென்னை ராஜதானியில் தாது வருடப் பஞ்சம். மைசூர், ஹைதராபாத், மும்பைப் பக்கம் எல்லாம் அதே கதைதான். இறந்தவர்கள் அரைக் கோடிக்கும் மேல் என்பது ஒரு கணக்கு. நிவாரண வேலையில் மண் வெட்டிய ஆணுக்கு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, நிவாரணத்தை மேற்பார்க்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். ஆக, ஆல்பத்தில் ஒரு குழியை நிரப்பும் அந்தக் காசு பதினாறு நாள் மண் சுமந்த கூலி. அப்போது நாணயச்சாலைகள் எல்லோருக்கும் திறந்திருந்தன. யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்து, செலவைக் கழித்துக்கொண்டு ரூபாயாக வாங்கிக்கொள்ளலாம். அதனால் கொலுசும் ரூபாயும் ஒரே பொருளின் இரண்டு கோலங்கள்தான். நல்ல விளைச்சல் கண்ட வருடம் குடியானவன் ரூபாயை ஆசாரியிடம் கொடுத்து மூசையில் போட்டுக் காப்பாக்கிக்கொள்வான். மழை பொய்த்தால் காப்பு திரும்ப ரூபாயாகும். பஞ்ச காலத்தில் இது ஒரே திசையில் ஓடியது. தென்னிந்தியாவின், தக்காணத்தின் கிராமங்களிலிருந்து தண்டையும் கொலுசும் அரைஞாணும் சாகுபடியாளரிடமிருந்து சாகுகாருக்கும், சாகுகாரிடமிருந்து மும்பை நாணயச்சாலைக்கும் மூட்டைமூட்டையாகப் போய்ச் சேர்ந்தன. பின்னால் பஞ்சத்தை விசாரித்த அரசின் ஆவணங்களே இந்த நகை வரத்தைக் கணக்கெழுதி வைத்திருக்கின்றன. அங்கே அவை உருகிப் பேரரசியின் தலை தாங்கி வெளியே வந்தன.

இதைச் சொல்லும்போதே எனக்குள் ஒருவன் மறுக்கிறான். அந்த ஆண்டுகளில் இந்தியாவுக்கு வெள்ளி வேறு வழிகளிலும் கொட்டியது. ஜெர்மனி வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறி, தன் பழைய வெள்ளியை விற்றுக்கொண்டிருந்தது. நெவாடாவில் பெரும் சுரங்கங்கள் திறந்திருந்தன. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்து, கட்டிவெள்ளி கப்பல் கப்பலாக மும்பைக்கு வந்தது. ஆகவே என் கையில் இருக்கும் 1877 ரூபாயில் சேலத்துக் கொலுசு இருக்கிறதா, நெவாடா மலை இருக்கிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. உருக்கிய வெள்ளிக்கு ஊர் கிடையாது. அப்படியிருக்க, இந்தக் காசைக் கையில் எடுத்ததும் கனக்கிற மாதிரி நினைத்துக்கொள்வது வெறும் பாவனையாகவும் இருக்கலாம். ஆனால் சேகரிப்பே பாவனைதானே. கல்கத்தா, மும்பை என்று பிரித்து வைப்பதும், இல்லாத புள்ளியைத் தேடுவதும் பாவனை என்றால், இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு உறுத்துவது இன்னொன்று. அரிதானவற்றைப் பற்றி எழுதியவை ஏராளம். எந்த அச்சில் எழுத்து சற்றுத் தள்ளி விழுந்தது, எந்த ஆண்டு ராணியின் உடைமேல் பூ வேறாக இருக்கிறது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. 1877-க்கு நேரே சாதாரணம் என்று ஒரு சொல். சாதாரணம் என்று ஆனதற்கு என்ன காரணம் என்று யாரும் கேட்பதில்லை.

1893-ல் நாணயச்சாலைகளை மக்களுக்கு மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ரூபாயின் விலை வேறு, அதில் இருக்கும் வெள்ளியின் விலை வேறு. காப்பைக் கொடுத்து ரூபாய் வாங்கும் வழி அடைபட்டது. ரூபாயை உருக்கினாலும் நஷ்டம். அந்தக் காலத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. புழக்கத்தில் மொத்தம் எத்தனை ரூபாய் இருக்கிறது, எத்தனை உருகிப்போனது என்று கண்டுபிடிக்க, கருவூலங்களில் பையைத் திறந்து காசுகளை ஆண்டுவாரியாகப் பிரித்து எண்ணச் சொன்னது அரசு. கருவூல மேசையில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து 1840 ஒரு குவியல், 1862 ஒரு குவியல் என்று பிரித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு முன்னோடிகள் அவர்கள்தான். ஆனால் அவர்கள் எண்ணியது குறைந்ததை அளக்க. எந்தக் குழியும் நிரம்ப வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இல்லை. எண்ணி முடித்ததும் பையில் கொட்டிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

1911-ஐப் பற்றி ஊரறிந்த கதை, அதனால் சுருக்கமாக. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் விருதுச் சங்கிலியில் ஒரு யானை. துதிக்கை குட்டையாகப் போய்ப் பன்றி என்று பேச்சுக் கிளம்பியது. சுமார் 94 லட்சம் அடித்ததில் ஏழு லட்சம் போலத்தான் வெளியே போயிருந்தது. மீதியை உருக்கிவிட்டு 1912-ல் துதிக்கையை நீட்டி அடித்தார்கள். பன்றி ரூபாய் என்ற பெயர் நிலைத்து, நூறு வருடமாக அதற்குத் தனி விலை. ஒரு வதந்தியின் விலை அது. 1918-க்கு இப்படிச் செல்லப்பெயர் எதுவும் இல்லை. முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து போன சணலுக்கும் தோலுக்கும் கோதுமைக்கும் சிப்பாய்ச் சம்பளத்துக்கும் வெள்ளி ரூபாய் தேவைப்பட்டது. வெள்ளி விலையோ ஏறிக்கொண்டே போய், ரூபாயை உருக்கினால் லாபம் என்ற இடத்தை எட்டியது. உருக்கக் கூடாது என்று 1917-ல் தடை போட்டார்கள். அதே ஆண்டு முடியும்போது ஒரு ரூபாய் நோட்டு அச்சிட்டார்கள். சனங்களுக்குக் காகிதத்தில் நம்பிக்கை இல்லை; நோட்டைக் கொண்டுவந்து நீட்டி வெள்ளி கேட்டார்கள். கருவூலம் காலியாகிற நிலையில் அமெரிக்காவிடம் போனது பிரிட்டன். 1918 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, தன் பெட்டகத்தில் இருந்த வெள்ளி டாலர்களை உருக்க அனுமதித்தது. உருகியவை 27 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 26 கோடி இந்தியாவுக்காக. அவுன்ஸ் ஒரு டாலர் விலை. பெண்தலை பொறித்த மோர்கன் டாலர்கள் கட்டியாகிக் கடல் தாண்டி வந்து ஐந்தாம் ஜார்ஜ் தலையாயின. மும்பையிலும் கல்கத்தாவிலும் அந்த ஓர் ஆண்டுத் தேதியில் தலா 20 கோடிக்கு மேல் அடித்தார்கள்.

உருக்கியபோது எந்த ஆண்டு டாலர் எத்தனை போனது என்று அமெரிக்காவில் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அது எடை, அவ்வளவுதான். அதனால் இன்றைக்கும் மோர்கன் டாலர் சேர்ப்பவர்கள், எத்தனை அடித்தார்கள் என்று தெரிந்தும் எத்தனை மிச்சம் என்று தெரியாமல் அல்லாடுகிறார்கள். டென்வரிலோ சிகாகோவிலோ ஒருவர் ஆல்பத்தில் காலியாக வைத்துக்கொண்டு ஏங்கும் குழிக்குள் இருக்க வேண்டிய வெள்ளி, இங்கே தகர டப்பாவில் எடைக்கு எடை போகிறது. அவருடைய அரிதும் என்னுடைய மலிவும் ஒரே உலையில் பிறந்தவை. இதை நினைக்கும்போது வரிசையை முடித்தல் என்பதே கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிகிறது. உலகத்தில் ஒரு சேகரம் நிறைய வேண்டுமானால் இன்னொன்று குறைபட வேண்டியிருந்திருக்கிறது, இருவருக்குமே தெரியாமல்.

1939 விவகாரம் இதற்கு நேர்மாறு. ஆறாம் ஜார்ஜ் ரூபாய் 1938-ல் தொடங்கி, அடுத்த தேதியிலேயே போர் வந்துவிட்டது. சனங்கள் பழையபடி வெள்ளியைப் பதுக்கத் தொடங்கினார்கள். 1940-ல் மாற்றைப் பாதியாகக் குறைத்து, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்த்து அடித்தார்கள். பழைய மாற்றில் 1939 தேதியிட்டவற்றில் வெளியே வந்தது மிகச் சொற்பம். இன்று அது கிடைத்தால் லட்சக்கணக்கில் விலை. கிடைப்பதில் பெரும்பகுதி போலி. 1938-ன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குகிறார்கள். அச்சு செய்து வார்க்கிறார்கள். எடை பார்க்கலாம், கல் தரையில் போட்டுக் கணீரென்று கேட்கிறதா என்று பார்க்கலாம், ஒன்பதின் வயிற்றில் சுரண்டிய தடம் தேடலாம். நல்ல வெள்ளியிலேயே போலி செய்தால் எடையும் ஓசையும் உதவாது. (அரிசியை இழுக்கும் கம்பெனிக் காசு என்று ஏமாற்றுபவர்களை இங்கே சேர்க்கவில்லை, அது வேறு பைத்தியம்.) தெரிந்தே போலியை வாங்கி அந்தக் குழியில் வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். “சும்மா பார்வைக்கு சார், காலியா இருந்தா கண்ணு உறுத்துது” என்றார் ஒருவர். அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வெறுமையை எப்படியாவது மூடிவிட வேண்டும் என்கிற அந்த அரிப்பைத்தான் போலி செய்பவன் விற்கிறான். வெள்ளி இரண்டாம்பட்சம்.

போரின் நடுவே அரசு பழைய காசுகளைச் செல்லாததாக்கித் திரும்பக் கேட்டது. முதலில் விக்டோரியா, அடுத்து எட்வர்ட், 1943-ல் ஜார்ஜ்களின் பழைய மாற்றுக் காசுகள். கெடு முடிவதற்குள் கொண்டுவந்து கட்டியவர்கள் கோடிக்கணக்கில். ஆகவே என் ஆல்பத்தில் இருக்கும் ஒவ்வொரு காசும் யாரோ கட்டாமல் வைத்துக்கொண்டது: சுவரில் புதைத்தது, குதிருக்குள் போட்டு மறந்தது, பிடிவாதமாகக் கொடுக்க மறுத்தது. அரசு நினைத்தபடி எல்லாம் நடந்திருந்தால் எங்களுக்குச் சேர்க்க ஒன்றுமே இருந்திருக்காது. அந்தப் போரிலும் அமெரிக்காவிடமிருந்து வெள்ளி வந்தது, சுமார் 22.6 கோடி அவுன்ஸ். ஆனால் இந்த முறை விலைக்கு அல்ல, கடனாக. வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டும். அந்தக் கடன் சுதந்திர இந்தியாவின் தலையில் விழுந்தது. பாதி மாற்று ரூபாய்களைத் திரட்டிக் கல்கத்தா அலிப்பூரில் வெள்ளியைப் பிரித்தெடுத்து, 1957-க்குள் அடைத்தார்கள். எனக்கு லாகூர் நாணயச்சாலையில் அடித்த 1944 ரூபாய் ஒன்று சிரமமில்லாமல் கிடைத்தது. அதன் கூடப் பிறந்தவை கட்டியாகி அமெரிக்கப் பெட்டகத்துக்குப் போயிருக்கும்.

இனி வெள்ளி கட்டாது என்று ஆனதால்தான் 1947 ரூபாய் நிக்கலில் வந்தது. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் புலி. தலையை வைத்துப் பார்த்தால் வரிசையின் கடைசிக் காசு அது; உலோகத்தை வைத்துப் பார்த்தால் வரிசையிலேயே இல்லை. நண்பர்கள் இரு கட்சி. வெள்ளி ஆல்பத்தில் நிக்கலுக்கு என்ன வேலை என்கிறார் ஒருவர். காந்தத்தைக் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்கிற காசைப் போய் விக்டோரியா பக்கத்தில் வைக்கலாமா என்று என் வீட்டிலேயே காந்தத்தை வைத்துக் காட்டினார். நான் அதை 1945-க்கு அடுத்த குழியில் வைத்திருக்கிறேன். கடனைக் கட்டப் போன வெள்ளிக்குப் பதிலாக வந்து உட்கார்ந்த காசு அது என்று விளக்கினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, 1939 இல்லாததால் இப்படியெல்லாம் பேசுகிறேன் என்றார். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.